தராதரப் பத்திரமும் சந்தாச் சீட்டும்

ஒருவன் தன் தொழிலைச் செய்வதற்குச் சங்கமொன்றில் அங்கத்தவனாயிருத்தல் வேண்டுமென்று பாராளுமன்றம் சட்டம் இயற்றினால் அதனை எதிர்த்து மேடை போடலாம், நீதிமன்றம் ஏறலாம், அடுத்த தேர்தலில் அச்சட்டத்தைக் கொண்டுவந்தவனைத் தோற்கடிக்கலாம். அதே காரியத்தை ஒரு சங்கத்தின் யாப்பிலே, சந்தா பற்றிய பிரிவின் கீழே, இரண்டு வரியில் எழுதிவிட்டாற் கேட்பார் எவருமிலர். பிரேரித்து, ஆமோதித்து, கைதட்டி நிறைவேற்றிவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுவார்கள்.

அந்த இரண்டு வரியைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம். எடுத்துக்கொண்ட நாடு கனடா. எடுத்துக்கொண்ட தொழில் பொய்க்காலும் தாங்கு கருவியும் செய்து பொருத்தும் தொழில்.

வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கும் அன்பர், கனடாவிலே பொய்க்கால் செய்பவர்கள் சங்கம் கூடினாலென்ன, கலைந்தாலென்ன, நமக்கு அதனால் ஆவது யாது என்று கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. உலக சுகாதார தாபனம் 2017இல் வெளியிட்ட நியமங்களின்படி எந்த மக்கட்கூட்டத்திலும் ஏறத்தாழ 0.5 சதவீதத்தினருக்கு இவ்வகைச் சாதனம் தேவைப்படும். ஆயிரம் பேர் வாழும் கிராமமொன்றில் ஐவர். போர் நடந்த மண்ணிலோ கணக்கு ஐவரோடு நிற்பதில்லை என்பதை வன்னியிற் பிறந்தவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கண்ணிவெடியாலும் எறிகணையாலும் கால் இழந்தோர் ஒருபுறம். நீரிழிவினாற் கால் இழப்போர் மறுபுறம். பனையிலிருந்து விழுந்து முதுகு முறிந்து, தாங்கு கருவி இன்றி நிமிர முடியாத சீவல் தொழிலாளர் இன்னொருபுறம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் நிலையம் 1987இல் ஏற்பட்டது எவர்க்காக? ரொறன்ரோ நகரிலே குடியேறிய நம்மவரில் முதுமையும் நீரிழிவும் கண்டோர் நாளை எவருடைய கதவைத் தட்டப் போகிறார்கள்? ஆகவே, அந்தக் கதவின் சாவி எவர் கையில் இருக்கிறதென்று பார்ப்பது நமக்கும் உரிய வேலைதான்.

முதலில் தொழிலை விளங்கிக்கொள்வோம். இழந்த உறுப்புக்குப் பதிலாக வைக்கப்படுவது பொய்யுறுப்பு. இருக்கின்ற உறுப்பைத் தாங்கி நிமிர்த்துவது தாங்கு கருவி. வெட்டப்பட்ட காலின் எஞ்சிய பகுதியை அளந்து, பிளாஸ்டர் சுற்றி அச்செடுத்து, நோயாளியை நடக்கவிட்டுப் பார்த்துத் திருத்துபவர் நிபுணர். அந்த அச்சிலிருந்து கூட்டை வார்த்து, அராவி, ஒட்டி, மூட்டுப் பூட்டிக் காலாக்குபவர் பட்டறையிலுள்ள தொழில் வினைஞர். நிபுணரின் கண் தவறினாலும் வினைஞரின் கை தவறினாலும் புண்படுவது ஒரே தோல்தான். சிறிய பட்டறைகளில் இருவரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு.

கனடாவில் இத்தொழிலோர்க்கு நெடுங்காலம் இரண்டு தாபனங்கள் இருந்தன. ஒன்று சங்கம்: மாநாடு கூட்டும், அரசாங்கத்துக்கு மனுக்கொடுக்கும், தொழிலோரின் நலனுக்காக வாதாடும். மற்றையது தராதரச் சபை: பரீட்சை வைக்கும், தேறியவர்க்குத் தராதரப் பத்திரம் கொடுக்கும், தவறிழைத்தோரை விசாரிக்கும். 2010களில் இவ்விரண்டும் இணைந்து 'ஓதோற்றிக்ஸ் புறொஸ்தெற்றிக்ஸ் கனடா' என்னும் ஒரே தாபனமாயின. இணைப்பை நாம் குற்றமென்று சொல்ல வரவில்லை. பரந்த அந்நாட்டில் இத்தொழிலில் உள்ள நிபுணர் சில நூற்றுவரே. அத்தனை பேருக்கு இரண்டு காரியாலயம், இரண்டு செயலாளர், இரண்டு கணக்கு எதற்கு என்று கேட்பவர் அறிவீனர் அல்லர்.

ஆனால் அந்தத் தராதரப் பத்திரம் எத்தகையது என்பதைப் பாருங்கள். சுவரில் மாட்டும் அலங்காரம் அன்று அது. கியூபெக் மாகாணத்திலே தொழில்நுட்பவியலாளர்க்கெனச் சட்டத்தால் அமைந்த மன்றம் ஒன்றுண்டு. ஏனைய மாகாணங்களிற் பெரும்பாலானவற்றில், மருத்துவருக்கும் தாதியருக்கும் இருப்பதுபோன்ற சட்டப் பதிவேடு இத்தொழிலுக்கு இல்லை. சட்டம் விட்ட இடைவெளியைத் தராதரப் பத்திரமே நிரப்புகிறது. ஒன்ராறியோ மாகாண அரசின் உதவிச் சாதனத் திட்டம், தகுதியுள்ளவர்க்குப் பொய்க்காலின் அங்கீகரிக்கப்பட்ட விலையில் 75 சதவீதத்தைத் தானே கொடுக்கிறது. அப்பணம் வருவதற்கு, சாதனத்தைப் பொருத்துபவர் தராதரம் பெற்றவராயிருத்தல் அவசியம். பத்திரம் இல்லையேல் அரசாங்கப் பணம் இல்லை. அரசாங்கப் பணம் இல்லையேல் நோயாளி வாரார். நோயாளி வாராவிடின் பட்டறை திறந்து பயன் இல்லை. பட்டம் பெற்று, ரொறன்ரோவில் யோர்ஜ் பிறவுண் கல்லூரியிலோ பிரிட்டிஷ் கொலம்பியாத் தொழில்நுட்ப நிறுவகத்திலோ மேலும் இரண்டாண்டு பயின்று, அதன்பின் பயிலுநராக நின்று பரீட்சையிலும் தேறிய ஒரு மனிதரின் சோறு அந்தக் கடதாசியில் இருக்கிறது.

அந்தக் கடதாசியைக் கொடுக்கும் கையும், சந்தா வாங்கும் கையும், சங்கத் தலைவரைத் தெரியும் கையும் ஒரே உடம்பில் முளைத்திருக்கும்பொழுது, அங்கத்துவ விதி என்பது வெறும் காரியாலய விவகாரமாக இருத்தல் இயலாது. அது சீவனோபாய விவகாரம் ஆகிவிடுகிறது. தலைவரோடு பிணங்கியவர் என்ன செய்வார்? சங்கத்தின் கொள்கை பிழை என்று எழுதியவர் என்ன செய்வார்? சாதாரண சங்கமாயின், "உங்கள் சங்கம் உங்களோடு இருக்கட்டும்" என்று சொல்லி வெளியேறித் தம் தொழிலைப் பார்ப்பார். இணைந்த தாபனத்திலோ, சந்தாவை நிறுத்தினாற் பத்திரமும் நிற்கும் என்று விதி எழுதப்படுமாயின், அவர் வாயை மூடிக்கொண்டு சந்தாவைக் கட்டுவார். வெளியேற வழியில்லாத வீட்டில் ஒற்றுமை நிலவுகிறதென்று எவரும் பெருமை பேசலாகாது.

சட்டம் பயின்றவர் என்ற முறையில் இதில் நமக்கு மேலும் ஓர் ஆட்சேபம் உண்டு. தொழிலோரின் நலனுக்காக வாதாடுவது ஒரு கடமை. தொழிலோரிடமிருந்து பொதுமக்களைக் காப்பது வேறொரு கடமை. பிழையாகப் பொருத்திய காலினால் புண்பட்ட ஒருவர் முறைப்பாடு கொண்டுவந்தால், அதனை விசாரிக்கும் தாபனம், யாருக்கெதிராக முறைப்பாடு வந்ததோ அவரின் சந்தாவில் வாழ்வதும் அவரின் வாக்கில் அமைவதுமாயின், தீர்ப்பு நேர்மையாகவே இருந்தாலும் முறைப்பாட்டுக்காரர் அதனை நம்புவாரா? வழக்காளியின் அப்புக்காத்தே தீர்ப்பும் எழுதுவதை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

இவ்வகைத் தாபனங்களின் அதிகாரத்தைப் பற்றி ஆங்கில நீதிமன்றங்கள் சொல்லியவை கனடாவைக் கட்டுப்படுத்தா, ஆயினும் அறிந்துகொள்ளத்தக்கவை. 1952இல் ஒரு வழக்கு. சந்தைத் திடல்களிற் களியாட்டக் கூடாரம் அடிப்பவர்களின் சங்கம், திடலில் ஓரிடம் பற்றிய பிணக்கிலே லீ என்னும் அங்கத்தவருக்கு 100 பவுண் தண்டம் விதித்தது. அவர் கட்டவில்லை, அங்கத்துவம் போயிற்று. அங்கத்துவம் போனால் அத்தொழிலிற் கூடாரம் அடிக்க இடம் கிடையாது. மேன்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் தீர்மானம் செல்லாதென்றது. சங்கத்தின் விதிக்குச் சரியான பொருள் யாதென்று முடிவு செய்வது சங்கக் குழுவின் ஏகபோகம் அன்று. ஒருவனின் பிழைப்பு அந்த விதியில் தொங்கும்பொழுது நீதிமன்றம் பார்த்துக்கொண்டிராது. திருவிழாக் காலத்திற் கோயில் வீதியிற் கடை போட இடம் கேட்டு அலைந்த எவருக்கும் லீயின் நிலை புரியும்.

1966இல் வந்த வழக்கு இன்னும் சுவையானது. புளோறன்ஸ் நேகிள் என்னும் அம்மையார் பந்தயக் குதிரைகளைப் பழக்குவதில் வல்லவர். குதிரைப் பந்தயத்தை ஆண்டுவந்த யொக்கி கழகமோ பெண்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதில்லை. ஆகவே அம்மையாரின் லாயத்திற் கூலிக்கு நின்ற ஆண்மகனின் பெயரிலே பத்திரம் கொடுத்தது! வேலை அவருடையது, அறிவு அவருடையது, பத்திரம் வேலைக்காரனுடையது. அம்மையார் வழக்காடினார். கழகத்தோடு அவருக்கு ஒப்பந்தம் ஏதும் இல்லாவிடினும், ஒரு தொழில் முழுவதையும் கைக்குள் வைத்திருக்கும் தாபனம் காரணமின்றி ஒருவரை வாசலில் நிறுத்துவது பொதுக்கொள்கைக்கு முரணாகலாம் என்றும், வழக்கைத் தள்ளிவிட முடியாது என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. அதன்பின் கழகம் வழிக்கு வந்தது.

இங்கிலாந்திலே பொய்யுறுப்பு, தாங்கு கருவித் தொழிலுக்கு இன்று வேறு ஏற்பாடு. அத்தொழிற் பெயர்களைச் சட்டமே காக்கிறது. சட்டத்தால் அமைந்த சுகாதாரத் தொழில்கள் சபையின் பதிவேட்டில் இல்லாதவர் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாகாது. தொழிற்சங்கம் வேறாக இருக்கிறது; விரும்பியவர் சேரலாம். சங்கத்தை விட்டு விலகியவரின் பெயர் பதிவேட்டில் அப்படியே நிற்கும். அமெரிக்காவிலோ கதை இன்னும் தெளிவு. 1917இல் அமைந்தது பொய்யுறுப்பு உற்பத்தியாளர் சங்கம், அதாவது கடைக்காரர் சங்கம். தராதரம் பார்க்க 1948இல் தனிச் சபை எழுந்தது. தொழிலைச் செய்யும் ஆட்களுக்கென 1970இல் தனிக் கழகம் எழுந்தது. வியாபாரம், பரீட்சை, கல்வி என மூன்றும் மூன்று கூரையின் கீழ் நின்றன. மூன்று கூரை வீண்செலவு என்பார் உளர். முதலாளியின் சங்கத்திலே கடைக்கு ஒரு வாக்கு. ஆட்களின் கழகத்திலே ஆளுக்கு ஒரு வாக்கு. இவ்விரண்டையும் கலந்தால் எந்த வாக்கு எந்த வாக்கை விழுங்கும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ? பல ஊர்களிற் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர் அனைவரின் சந்தாவையும் தானே கட்டுமாயின், கூட்டத்தில் உயரும் கைகளில் எத்தனை ஊழியரின் சொந்தக் கை?

இனி நமது வீட்டுக்கு வருவோம். இணைந்த சங்கம் என்பது சட்டத்தரணிகளாகிய நமக்குப் புதிய சரக்கு அன்று. இந்நாட்டில் ஒருகாலம் அப்புக்காத்துமார் மேல்தட்டு, பிறக்கிராசிமார் கீழ்த்தட்டு. மேல்தட்டார் நீதிபதியின் முன் நின்று வாதாடுவர்; கீழ்த்தட்டார் கட்சிக்காரனைச் சந்தித்து, வழக்கைக் கட்டிக் கொடுத்து, பின்வரிசையில் இருப்பர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 சனவரி 1 முதல் இந்தத் தட்டுகளை உடைத்து, இருசாராரையும் 'சட்டத்தரணி' என்னும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. அதே ஆண்டில் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் எழுந்தது. அக்காலத்தில் மேல்தட்டார் சிலர் முகம் சுளித்த கதையை நமக்கு மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்த இணைப்பில் இரண்டு நன்மையைக் கவனியுங்கள். முதலாவது, இணைந்த அன்றே எல்லாரும் முழுச் சட்டத்தரணிகள். பிறக்கிராசியாக இருந்தவரை அரைச் சட்டத்தரணி என்றோ, வாக்கில்லாத இணை அங்கத்தவர் என்றோ எவரும் பதியவில்லை. இரண்டாவது, தொழிலுக்குள் எடுப்பதும் தொழிலிலிருந்து நீக்குவதும் உயர் நீதிமன்றத்தின் கையிலேயே இருந்தன, இன்றும் இருக்கின்றன. சங்கத்தின் தலைவரை நேற்று மேடையில் ஏசியவர் இன்று காலை நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசலாம். சங்கத்தை நாம் மதிப்பதற்கும், வேண்டியபோது கண்டிப்பதற்கும் அதுவே காரணம்.

இந்த முதலாவது நன்மை பொய்க்கால் தொழிலில் மிக முக்கியமானது. பொய்யுறுப்பு, தாங்கு கருவித் துறைக்கான சர்வதேச சங்கம் 1970இல் அமைந்தது. அது இத்தொழிலோரை நிபுணர், துணை நிபுணர், வினைஞர் என மூன்று படியாக வகுத்திருக்கிறது. பயிற்சியை வகுப்பதற்கு இப்பிரிவு பயன்படும். அதில் நமக்குக் குறையில்லை. பாடத்திட்டத்துக்காகப் போட்ட படியை வாக்குரிமைக்கும் போடும்பொழுதே வருகிறது வம்பு. கனடாவில் வினைஞரும் பரீட்சை எழுதிப் பதிவு பெறுகின்றனர். அவர்களும் பணம் கட்டுகின்றனர். அவர்கள் மீதும் ஒழுக்க விதி பாய்கிறது. இவ்வாறு கட்டணத்துக்கும் தண்டனைக்கும் உட்பட்டவர், கட்டணம் எவ்வளவு, தண்டிப்பவர் எவர் என்று தீர்மானிக்கும் கூட்டத்திற் பார்வையாளராக இருத்தல் வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்? வரி கொடு, வாக்குக் கேளாதே என்பதைத் தோட்டத்துரைமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கல்விமான்களும் அதனைச் சொல்லலாமோ?

ஜெய்ப்பூர்க் கால் எப்படிப் பிறந்தது என்பதை நினைத்துப்பாருங்கள். 1960களின் பிற்பகுதியில் ராஜஸ்தானத்திலே, ஜெய்ப்பூர் மருத்துவமனையில், எலும்புச் சிகிச்சை வைத்தியர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ஆக்கிய கால் அது. சர்மா சிற்ப வேலையிற் கை தேர்ந்தவர். பள்ளிப் படிப்போ மிகச் சொற்பம். அதுவரை கிடைத்த மேனாட்டுப் பாதத்துக்குச் சப்பாத்து வேண்டும். சப்பாத்தணியாத, நிலத்திற் சம்மணமிட்டிருக்கும், வயற்சேற்றில் இறங்கும் மனிதருக்கு அது உதவாது. இறப்பரும் மரமும் கொண்டு, வெறுங்காலாகவே நடக்கக்கூடிய, சேற்றுக்கு அஞ்சாத பாதத்தை அவர்கள் உருவாக்கினார்கள். வைத்தியருக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது, கிடைக்கத்தக்கதே. ஆனால் இன்றைய யாப்புகளிற் சிலர் எழுத விரும்பும் விதிகளின்படி அந்தக் கைவினைஞர் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால் எந்தக் கூட்டில் விழுவார்? வாக்கில்லாத கூட்டில். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலின் பெயரையே பலகையிற் பொறித்து நிலையம் நடத்தும் நாம் இதை எளிதில் விழுங்க முடியாது.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் நேர்மையாக வைப்போம். வினைஞர் நோயாளியைத் தொடுவதில்லை. ஆதலால் சிகிச்சை நியமங்களைப் பற்றி வாக்களிக்கத் தகுதியில்லை என்கின்றனர். சரி. சிகிச்சைப் பரீட்சையின் வினாத்தாளை நிபுணர் குழுவே தயாரிக்கட்டும். அதிற் கைபோட வினைஞர் கேட்கவில்லை. தலைவர், பொருளாளர், சந்தா, ஒழுக்கக் குழு என்பனவற்றுக்கும் முழங்கால் மூட்டின் கோணத்துக்கும் என்ன சம்பந்தம்? மேலும், எண்ணிக்கையில் வினைஞர் கூடினால் நிபுணரை அமுக்கிவிடுவர் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. சிறுபான்மையாய் வாழ்ந்த நாம் அந்த அச்சத்தைப் பரிகசிக்க மாட்டோம். அதற்குப் பரிகாரம், குறித்த சில விடயங்களில் இருசாராரின் பெரும்பான்மையும் வேறுவேறாக வேண்டும் என்று எழுதுவது. ஒரு சாராரின் வாக்கைப் பறிப்பது பரிகாரம் ஆகாது.

இன்னொரு சாரார், இவ்வளவு சிறிய தொழிலில் தராதரத்தையும் சந்தாவையும் பிரித்தாற் சங்கம் பட்டினி கிடந்து சாகும் என்கின்றனர். இதில் உண்மை உண்டு. எல்லாருக்காகவும் சங்கம் போராடிப் பெறும் நன்மையைச் சந்தா கட்டாதவரும் அனுபவிக்கிறார்; இது நியாயமன்று என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயின் வழி இருக்கிறது. பதிவேட்டுக் கட்டணம் ஒன்று, சங்கச் சந்தா வேறொன்று என இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒரே காரியாலயம் அறவிடட்டும். முதலாவதைக் கட்டியவரின் பெயர் பதிவேட்டில் நிற்கட்டும். இரண்டாவதைக் கட்டியவர் சங்கக் கூட்டத்தில் வாக்களிக்கட்டும். முறைப்பாடு விசாரிக்கும் குழுவைச் சங்கத்தின் நிருவாகசபை நியமியாது, வெளியார் இருவரையேனும், அதில் ஒருவர் பொய்யுறுப்பு அணிபவராக, சேர்த்து அமைக்கட்டும். காரியாலயம் ஒன்று, கணக்குப் புத்தகம் இரண்டு. இதற்கு என்ன பெரும் செலவு?

தோட்டக்கார அன்பர்கள் இணைப்பின் மறுமுகத்தைக் கூட்டுறவில் கண்டவர்கள். 1970ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்க விசேட ஏற்பாட்டுச் சட்டத்தின் பின், ஊருக்கு ஊர் இருந்த சிறு சங்கங்கள் பெரிய பலநோக்குச் சங்கங்களுக்குள் கரைக்கப்பட்டன. நிருவாகசபைக்கு அமைச்சர் ஆட்களை நியமிக்கவும் வழி பிறந்தது. ஊர்ச் சங்கத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்ட கிழவனாருக்குப் பெரிய சங்கத்திற் கேட்க இடம் எங்கே என்று தெரியவில்லை. சங்கம் பெருத்தது; அங்கத்தவன் சிறுத்தான்.

இதை இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் உண்டு. றாகமையில் 2004இல் ஆரம்பித்த பொய்யுறுப்பு, தாங்கு கருவிக் கல்லூரியிற் பயின்ற இளைஞர்கள் நாட்டின் பல பாகங்களிலும் வேலை செய்கின்றனர். அவர்களுக்கு முன்பே, கல்லூரி வாசல் மிதியாது, போர்க்காலத்திற் பட்டறையிலேயே தொழில் கற்றுப் பல்லாயிரம் பேரை நடக்கவைத்த வினைஞர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றனர். பெரிய சங்கமொன்று இவர்கள் எல்லாரையும் சேர்க்க முன்வரும் நாளிலே, வரைபவர் கையில் கனடாவினதோ வேறெந்த நாட்டினதோ யாப்பு மாதிரிப் பிரதியாக இருக்கும். பெயரை மாற்றி, நாட்டை மாற்றி, பிரிவுகளை அப்படியே இறக்கிவிடுவார்கள். இதுவே இந்நாட்டு வழக்கம்.

ஆகையால் இத்தொழிலிலுள்ள நம் இளைஞருக்கு, ரொறன்ரோவில் இருப்பினும் கிளிநொச்சியில் இருப்பினும், ஒரு வேண்டுகோள். யாப்பு நகல் கைக்கு வந்தவுடன் 'நோக்கங்கள்' என்ற அழகிய முதற்பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். சந்தா தவறியவரின் தராதரப் பத்திரம் என்னவாகும் என்ற பிரிவைத் தேடுங்கள். வாக்குரிமை உடைய அங்கத்தவர் எவர் என்ற வரைவிலக்கணத்தைத் தேடுங்கள். ஒழுக்கக் குழுவை நியமிப்பவர் எவர் என்று தேடுங்கள். சங்கம் இல்லாத காலத்தில் தொழில் கற்ற மூத்த வினைஞரைச் சேர்க்கும் இடைக்கால ஏற்பாடு எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். ஆறு மாதம் என்றிருந்தால் ஐந்து ஆண்டு என்று திருத்தப் பிரேரணை கொண்டுவாருங்கள். பிரேரணையை எழுத்தில், கூட்டத்துக்கு முன், இரண்டு பேர் கையொப்பத்தோடு, பதிவுத் தபாலிற் செயலாளருக்கு அனுப்புங்கள். கூட்டத்தன்று வாய்மொழியாகக் கொண்டுவந்தால் ஒழுங்குப் பிரச்சினை என்று தள்ளிவிடுவார்கள்.